மடியில் கனமில்லாதவள்

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வேலியில் ஒரு பச்சைச் சைக்கிள் சாய்ந்து நிற்கும். அது மாரித் தெர்ப்ஸ்ட்ராவின் சைக்கிள். எட்டு நாள் அங்கேயே நிற்கும். பிரசவம் ஆன வீட்டுக்குப் போய் எட்டு நாள் கூட இருந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். முப்பத்தோரு வருடமாக வேறு எதுவும் அவள் செய்ததில்லை, செய்ய ஆசைப்பட்டதும் இல்லை.

வந்ததும் கட்டிலின் நாலு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்துவாள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன செவிலியால் யாருக்கு லாபம்? பிறகு தாயின் தையலைப் பார்ப்பாள், பிள்ளையின் தொப்புளைப் பார்ப்பாள், எடை போடுவாள், காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதுவாள். மூத்த பிள்ளை இருந்தால் அதற்கு ஷூ மாட்டிப் பள்ளிக்கு அனுப்புவாள். கழிவறையைக் கழுவுவாள். குழந்தை பார்க்க வருகிறவர்களுக்குச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கும் காப்பியும் கொடுப்பாள். அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் கோப்பையை அவர்கள் கையிலிருந்தே வாங்கி, "அம்மாவுக்குத் தூக்கம் வருது, கெளம்பலாமா?" என்பாள். அந்த வட்டாரத்து மாமியார்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மருமகள்கள் அவளுக்குக் கோவில் கட்டாத குறை.

கைராசிக்காரி என்று ஊரில் பேர். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "கையில என்ன இருக்கு? எல்லாம் கண்ணுதான். பச்சப் புள்ளைக்குப் பேச வராது, ஆனா ஒடம்பு பூரா பேசும். நின்னு பாத்தா சொல்லும்" என்பாள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்ததை வைத்து ஒரு குழந்தையின் இதயக் கோளாறை டாக்டருக்கு முன்னால் கண்டுபிடித்தவள் அவள். ஒரு வீட்டில், ஒரே ஒரு வீட்டில், ஒரு குழந்தையின் தொடையில் இருந்த விரல் தடங்களைப் பார்த்துவிட்டு, நேராகக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தவளும் அவள்தான். அந்தக் குழந்தையின் அப்பா இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எச்சில் துப்புவான். துப்பட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் புருஷன் சீத்செ, கால்வாய்ப் பாலத்தைத் திறந்து மூடும் வேலையில் இருந்தவன். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவான், கையசைப்பான், இறக்குவான். இப்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு கேமராவில் பார்த்தே யாரோ ஒன்பது பாலத்தைத் தூக்குகிறார்கள். சீத்செவுக்குப் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து கேமரா என்று சொன்னாலே அவனுக்கு மூக்கு விடைக்கும்.

ஆகவே, போன் கம்பெனி அந்தப் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது வீட்டில் சண்டை வந்ததில் ஆச்சரியமில்லை. போனில் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் இனி போனே பார்க்குமாம். குழந்தைகளைச் சீரழிக்கும் படம் இருந்தால் தானே கண்டுபிடித்துச் சொல்லுமாம். சம்மதமா என்று கேட்டது. சம்மதமில்லை என்பதற்குப் பொத்தான் எங்கே இருந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கத் தனிப் படிப்பு வேண்டும். மாரித் தேடவில்லை, சம்மதம் என்று அழுத்திவிட்டாள்.

"என் காசுல வாங்கின போன், என் பாக்கெட்ல உக்காந்துகிட்டு, என்னையே வேவு பாக்குமா? நல்லாருக்கே கதை. போலீஸ்காரனுக்கு வாடகையில்லாம வீடு குடுத்த மாதிரி இல்ல?" என்றான் சீத்செ.

"உன் போன்ல என்னய்யா இருக்கு? நீ புடிச்ச விலாங்கு மீனும் வீங்கின உன் கால் கட்டவெரலும். பாத்துட்டுப் போகட்டுமே."

"என் கட்டவெரல் என்னோடது."

"அதை யாரும் தூக்கிட்டுப் போகல. குழந்தைங்கள நாசம் பண்றவனப் புடிக்கணும்னா புடிக்கத்தான் வேணும். அந்தத் தடத்த நான் பாத்தேன் சீத்செ. நீ பாக்கல."

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? மாரித்துக்கு அதுதான் வேதம். அவளுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே அதுதான் வேதம். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், உள்ளே விளக்கு, சோபா, சாப்பாட்டு மேஜை. திரையை மட்டும் யாரும் இழுப்பதில்லை. போகிறவன் வருகிறவன் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறான். இழுத்து மூடினால்தான், உள்ளே என்னத்தை ஒளிக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

அந்த நவம்பரில் நின்கெ என்ற பெண்ணின் வீட்டில் வேலை. முதல் பிள்ளை, பையன், யெல்மர் என்று பெயர். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பையன் இரண்டு முறை பாலைக் கக்கினான். மூன்றாம் முறை கக்கியது பச்சையாக இருந்தது. அழுகையும் மாறியிருந்தது. மாரித் டயப்பரை அவிழ்த்தாள். வலது கவட்டில் ஒரு வீக்கம், நெல்லிக்காய் அளவு, கல் மாதிரி இருந்தது. கீழே விதைப்பை ஊதா நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

மருத்துவச்சி ஹெஸ்டருக்குப் போன் போட்டாள். ஹெஸ்டர் இன்னொரு வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பெண் கத்துவது கேட்டது.

"மாரித், படம் எடுத்து அனுப்பு. கிட்டக்க ஒண்ணு, தள்ளி ஒண்ணு. நான் டூட்டி டாக்டருக்குத் தள்ளி விடறேன். அவங்க பாத்தாங்கன்னா ஆபரேஷன் ரூமை இப்பவே ஒழிச்சு வெப்பாங்க."

இதற்கென்று, அவளை வேலைக்கு அனுப்பும் நிலையம் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தது. அன்று பார்த்து அது, கடவுச்சொல்லை மாற்றினால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. மாரித் தன் போனை எடுத்தாள். நின்கெதான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு படம். கால் மணி நேரத்தில் பதில் வந்தது, உடனே கொண்டுவரச் சொல்லி. குடலிறக்கம், இறங்கிய குடல் சிக்கிக்கொண்டுவிட்டது. மத்தியானமே அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்னும் மூன்று மணி நேரம் போயிருந்தால் குடலின் ஒரு பகுதி அழுகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்று நின்கெ மாரித்தைக் கட்டிக்கொண்டு அழுதது ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாரித்தின் போன் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் மூன்று வரி. இந்தச் சாதனத்தில் சட்டவிரோதமான படங்கள் கண்டறியப்பட்டன. உங்கள் கணக்கு மூடப்பட்டது. உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. அவள் சிரித்தாள். ஏமாற்றுக்காரர்கள் இப்படித்தான் பயமுறுத்திப் பணம் பிடுங்குவார்கள் என்று போன வாரம்தான் நூலகத்தில் ஒரு பெண் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தாள். கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரப் பையன் படித்துப் பார்த்தான், அவளை நிமிர்ந்து பார்த்தான், போனை மேஜைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினான். "இத எங்களால சரிபண்ண முடியாது" என்றான். கையில் கொடுக்காமல் தள்ளினானே, அது அவளுக்கு உறுத்தியது.

மூன்று வாரம் கழித்து, டிசம்பரில் ஒரு சாயங்காலம், ஐந்து மணி இருக்கும், போலீஸ் வந்தது. சீருடை இல்லாத ஓர் இளைஞன், யோரித் என்று பெயர் சொன்னான்; கூடச் சீருடையில் ஒரு பெண். வாசலில் அவர்கள் வண்டி. வெளியே இருட்டிவிட்டது, உள்ளே விளக்கு எரிந்தது. அவன் காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"நீங்க ஆசப்பட்டா திரைய இழுத்துக்கலாம்" என்றான், மெதுவாக. நல்ல பிள்ளை.

சீத்செ எழுந்தான்.

"உக்காரு சீத்செ" என்றாள் மாரித். "எதுக்கு இழுக்கணும்? நான் என்ன திருடிட்டேனா?"

இந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் விழுங்கியிருக்க வேண்டும். வேறு ஊராக இருந்தால் போலீஸ் வந்ததும் முதலில் கதவையும் ஜன்னலையும்தான் சாத்தியிருப்பார்கள். இவளுக்கோ மூடினால்தான் குற்றம். ஆகவே விளக்கு வெளிச்சத்தில், திறந்த ஜன்னலுக்குப் பின்னால், போலீஸ்காரப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு கணினியைப் பையில் போட்டு ஒட்டினாள். சீத்செவின் போனையும் போட்டாள். பந்து விளையாடிவிட்டு வந்த பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தன. நாயைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் நாயைச் சாக்கு வைத்து நின்றார்கள். எதிர் வீட்டு பௌகெ தன் ஜன்னலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்; அந்தச் செடிக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

யோரித் மாரித்தின் போனைத் தன் கருவியில் மாட்டித் திறந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். பதினாலாயிரம் படம். வாய் பிளந்து தூங்கும் சீத்செ. அவள் தங்கையின் சவப்பெட்டி. மூலத்துக்கு டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு. தங்கை கடைசி வாரம் எழுதிய கடிதத்தின் படம், எழுத்து கோணல் கோணலாக. ஒன்றிலும் குற்றமில்லை. ஒன்றையும் இந்தப் பிள்ளைக்குக் காட்ட அவள் எடுக்கவில்லை. இவனுக்கு முன்னாலேயே இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது; எங்கோ ஒரு நாட்டில் கூலிக்கு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் அந்த இரண்டு படத்தையும் பார்த்து, ஆமாம் என்று பொத்தானை அழுத்திவிட்டார். மாரித்துக்குக் காது மடல் சுட்டது. முப்பத்தோரு வருடம் மற்றவர் வீட்டு அந்தரங்கத்தைக் கையில் வைத்து, வெளியே ஒரு சொல் விடாதவள் அவள்.

"இதுவா?" என்று அவளே நிறுத்தினாள். "இது யெல்மர். குடலிறக்கம். அதே நாள் மத்தியானம் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில கேளுங்க, மருத்துவச்சியக் கேளுங்க, அவங்க அம்மாவக் கேளுங்க."

"கேப்போம்" என்றான் யோரித். "எனக்கே புரியுதுங்க. ஆனா வந்த புகார நான் மூடணும்னா எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் மூடணும்."

வேலை நிலையத்தின் தலைவி கொரீனா மறுநாள் வீட்டுக்கே வந்தாள். காப்பியைத் தொடவில்லை. "மாரித், எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்ல. ஆனா விசாரணை முடியற வரைக்கும் உன்ன ஒரு வீட்டுக்கும் அனுப்ப முடியாது. சட்டம். என் கையையும் கட்டிப் போட்டிருக்கு" என்றாள். மாரித் சரி என்றாள். சட்டம் சரியானதுதான், அவளைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சட்டம் போட்டிருப்பாள். அதுதான் கொடுமை.

நின்கெ தானாகவே காவல் நிலையத்துக்குப் போய், ஆஸ்பத்திரிக் காகிதங்களை மேஜைமேல் போட்டு, ஒரு மணி நேரம் சண்டை பிடித்துவிட்டு வந்தாள். வந்ததும் நேராக மாரித்தின் வீட்டுக்கு வந்தாள். யெல்மர் அவள் மார்பில் கட்டிய துணிக்குள் தூங்கினான்.

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன். உங்களத் தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு துணியின் முடிச்சை இறுக்கிவிட்டாள். "மாரித், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதீங்க. அந்தப் படத்த எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

"தெரியலம்மா."

"இப்ப அது எங்க இருக்கு?"

"அதுவும் தெரியல."

நின்கெ குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நாலு வரி. சந்தேகத்துக்கு முகாந்திரம் இல்லை, விசாரணை முடிக்கப்பட்டது. போன் கம்பெனிக்கு அந்தக் கடிதத்தை வைத்து ஐந்து முறை எழுதினாள். ஐந்து முறையும் ஒரே பதில்: எங்கள் முடிவு இறுதியானது. கீழே ஒரு மனிதப் பெயர்கூட இல்லை. மூடிய கணக்கோடு தங்கையின் கடிதப் படமும் போனது போனதுதான். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சீத்செ சொல்லியிருக்கலாம், சொல்லவே இல்லை. அவன் வாயிலிருந்து வராத அந்த வாக்கியத்துக்காக அவள் அவனை முன்னைவிட அதிகம் நேசித்தாள்.

ஆனால் தெரு இருக்கிறதே. போலீஸ் வந்ததை விளக்கு போட்டுப் பார்த்தது தெரு. கடிதம் வந்ததை யார் பார்த்தார்கள்? அது தபால் துளையில் விழுந்த ஒரு காகிதம்.

"ஜன்னல்ல ஒட்டிடவா அத?" என்றான் சீத்செ.

"ஒட்டு. அப்பத்தான் தெரியாதவனும் நின்னு படிச்சுத் தெரிஞ்சுக்குவான்."

யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பௌகெ மட்டும் மீன் கடையில் அவள் முழங்கையைத் தொட்டு, "எங்களுக்குத் தெரியும் மாரித், உன்மேல ஒண்ணும் இருக்காதுன்னு" என்றாள். இருக்காது என்றாள், இல்லை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே அவளே வேண்டும் என்று பதிந்து வைத்திருந்த மூன்று குடும்பங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வேறு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டன. காரணம் என்று கொரீனா ஏதோ சொன்னாள், தேதி ஒத்துவரவில்லை என்று. குழந்தை பிறக்கும் தேதி எந்தக் காலத்தில் ஒத்துவந்தது?

மார்ச் மாதம் ஒரு வீடு கிடைத்தது. மார்லூஸ், அவள் புருஷன் கெர்பென். பெண் குழந்தை, ஃபென்னா. மாரித் பச்சைச் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, மணி அடிக்குமுன் கோட்டை இரண்டு முறை இழுத்துச் சரிசெய்தாள். இருபத்தாறு வயதில் முதல் வீட்டுக்குப் போனபோதுகூட அப்படிச் செய்ததில்லை. மார்லூஸ் அன்பாகப் பேசினாள். "உங்களப் பத்தி எல்லாரும் நல்லாச் சொன்னாங்க" என்றாள், கேட்காமலே.

முதல் நாள் டயப்பர் மாற்றும்போது கெர்பென் துண்டு எடுக்க உள்ளே வந்தான். இரண்டாம் முறை போன் சார்ஜரைத் தேடி வந்தான். மூன்றாம் முறை காரணம் தீர்ந்துபோய், கதவு நிலையில் சாய்ந்து சும்மா நின்றான். பிள்ளையைப் பெற்ற அப்பன், நிற்கட்டும், நிற்காத அப்பனைத்தான் அவள் திட்டியிருக்கிறாள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவன் நின்ற நிலை அவள் முதுகில் பட்டது.

மூன்றாம் நாளிலிருந்து, "நீயே மாத்தும்மா, நான் போனப்புறம் நீதானே மாத்தணும்" என்று டயப்பரை மார்லூஸிடம் கொடுத்தாள். காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கெர்பென் கையில் கொடுத்தாள். சொன்னதில் தவறில்லை, எல்லாத் தாய்க்கும் அதைத்தான் சொல்வாள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே சொல்வாள். இப்போது அவள் அந்த நேரம் பார்த்துக் கை கழுவப் போனாள். துண்டை மடித்தாள். ஜன்னலுக்கு வெளியே படகின் பாய்மரத்தைப் பார்த்தாள். திரும்பி வரும்போது பிள்ளை உடுத்திப் படுத்திருக்கும். நோட்டில் கட்டம் கட்டமாகக் கேள்விகள் இருக்கும். தோல் என்ற கட்டத்தில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவாள். மூன்றாம் நாள் எழுதினாள், நாலாம் நாள் எழுதினாள், ஐந்தாம் நாளும் எழுதினாள். ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் காலை ஃபென்னா பால் குடிக்கவில்லை. கெர்பென் கருவியைப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டரை. இது அதிகமா?" என்றான். மாரித் உடனே ஹெஸ்டரைக் கூப்பிட்டாள். பக்கத்தில்தான் இருந்தாள் ஹெஸ்டர், பத்து நிமிடத்தில் வந்தாள். வந்து டயப்பரை அவிழ்த்தாள். தொடை மடிப்பிலும் அடிவயிற்றிலும் சீழ்க் கொப்புளங்கள், சில உடைந்து தோல் உரிந்து சிவந்திருந்தன.

"இது இன்னைக்கு வந்ததில்ல. ரெண்டு நாளாவது ஆயிருக்கும்" என்றாள் ஹெஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டே நோட்டைப் புரட்டினாள். பேசி முடித்ததும் நோட்டை மாரித்திடம் நீட்டினாள். "நேத்து 'நல்லா இருக்கு'ன்னு எழுதியிருக்க, மாரித்."

"எழுதினேன்" என்றாள் மாரித். "பாக்கல."

மார்லூஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "பாக்கலன்னா? நான் மாத்தும்போது செவப்பா இருந்துச்சு. எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். நீங்க இருக்கீங்களே, இருந்தா சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் நான் வந்தது." மாரித்தின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கைதான் துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தது. "எனக்குப் பாக்க பயமா இருந்துச்சு மார்லூஸ். டயப்பர அவுத்தாலே யாரோ என் தோளுக்குப் பின்னாடி நின்னு, நான் எங்க பாக்கறேன்னு பாக்கற மாதிரி இருக்கு. எத்தன நேரம் பாத்தா தப்புன்னு மனசு கணக்குப் போடுது. அதனால திரும்பிக்கிட்டேன். உம் புள்ளைய நான் பாக்கவே இல்ல."

குழந்தை முனகியது. கெர்பென் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவு நிலையில் நின்றான்.

"நான்தான் அவர நிக்கச் சொன்னேன்" என்றாள் மார்லூஸ். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போலீஸ் வந்தத எங்க அத்தை பாத்தாங்க. எனக்குத் தெரியும் அது ஒண்ணுமில்லன்னு. லெட்டர் வந்தது வரைக்கும் கொரீனா சொன்னாங்க. தெரிஞ்சுதான் நிக்கச் சொன்னேன்."

"தெரியும்மா. நீ பண்ணது தப்பில்ல. நான் உன் எடத்துல இருந்திருந்தா நானும் நிக்க வெச்சிருப்பேன்."

அது அவள் ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு அல்ல. உண்மையாகவே நிற்க வைத்திருப்பாள்.

ஹெஸ்டர் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றினால் சரியாகிவிடும், சீக்கிரமே பார்த்தாகிவிட்டது என்றாள். சீக்கிரம் என்ற சொல்லை மாரித் பொறுத்துக்கொண்டாள். மார்லூஸுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக அவள் கையைப் பிடித்து இறக்கிக் காரில் உட்கார வைத்தாள். தையல் பிடிக்காமல் இருக்க ஒரு தலையணையை அடியில் கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு" என்றாள், கார்க் கதவைப் பிடித்தபடி. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் அந்த ரெண்டு நாளுக்கு வேற ஆள அனுப்பச் சொல்லி நான் கொரீனாகிட்ட சொல்லிடறேன்."

மார்லூஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம், நீங்களே வாங்க என்று சொல்ல வாய் திறந்த மாதிரி இருந்தது. மடியில் இருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

"சரி" என்றாள்.

கார் போனபிறகு மாரித் மாடிக்குப் போனாள். படுக்கை விரிப்பை உருவி மாற்றினாள், கொப்பரையில் இருந்த குளியல் தண்ணீரைக் கொட்டினாள், நோட்டில் மூன்று நாளும் தான் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முப்பத்தோரு வருடத்தில் எட்டு நாளை முடிக்காமல் அவள் இறங்கிவந்த முதல் வீடு அது. அதற்குப் பிறகு கொரீனா இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் மாரித், இனி வேண்டாம் என்றாள்.